மன்னார் வழியிற் சென்ற துண்டும் தகரவில்லையும்

கையிற் காசில்லாதவன் நெடுந்தூரம் பிரயாணம் செய்ய வேண்டுமானால், அவனை நம்பிச் செலவு செய்ய ஒருவர் வேண்டும். அச்செலவைக் குறித்துவைக்க ஒரு கணக்கு வேண்டும். இன்னாருடைய கணக்கில் இன்னார் செல்கிறார் என்பதை வழிநெடுகக் காட்ட ஓர் அடையாளமும் வேண்டும். இக்காலத்தில் அந்த அடையாளத்துக்குக் கடனட்டை என்று பெயர். வங்கிகள் போட்டியிட்டு அதனை வழங்குகின்றன. ஓர் அட்டையை வைத்திருப்பவருக்கு விமானச் சீட்டிற் சலுகை உண்டு. வேறோர் அட்டையைக் கொண்டு செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாவுக்கும் வெகுமதிப் புள்ளிகள் உண்டு. எந்த அட்டை நயமானது என்று நடுத்தரக் குடும்பத்தினர் தாளும் பென்சிலுமாய் அமர்ந்து கணக்குப் பார்ப்பதைக் கொழும்பிலும் காணலாம், சென்னையிலும் காணலாம்.

இவ்வழக்கம் நேற்றுப் பிறந்தது என்று எண்ணுவோர் மன்னார்க் கரையின் சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்ப்பது நன்று. காசின்றிக் கடல் கடப்பதற்குரிய அடையாளச் சீட்டும், அச்சீட்டுக்களுள் நயமானதைத் தேர்ந்தெடுத்தலும், தேர்ந்தவருக்கு வெகுமதி கிடைத்தலும் அவ்வழியில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிறைவாக நடந்தேறின. பிரயாணம் செய்தவர் ஒருவராகவும், சீட்டைத் தேர்ந்தவர் மற்றொருவராகவும் இருந்தனர் என்பதே அவ்வரலாற்றின் சிறப்பு; சிறுமை என்று சொன்னாலும் பிழையில்லை.

வணிகரைப் பொறுத்தவரை காரியம் எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்து நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் பெரும்பணத்தை மடியிற் கட்டிக்கொண்டு கடல் தாண்டவில்லை. அவர்களிடம் உண்டியல் இருந்தது. கண்டவுடன் பணம் கொடுக்க வேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துக் கொடுக்க வேண்டியது தவணை உண்டியல். ஓர் ஊரில் எழுதிய உண்டியலுக்கு மற்றோர் ஊரிற் பணம் கிடைத்தது. எழுதியவர் தம் கையொப்பத்தைத் தாமே இட்டார். வட்டியையும் தாமே கணித்தார். இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் அவருடையதே. இதில் மறைபொருள் யாதுமில்லை.

அதே கடலை அதே காலத்தில் இலட்சக்கணக்கில் கடந்த ஏனையோரின் நிலை வேறு. இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் ஆகிய சீமைகளிலிருந்து இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களை நோக்கி வந்த உழைப்பாளிகள் அவர்கள். 1830ஆம் ஆண்டுகளிற் காப்பிப் பயிர் பெருகத் தொடங்கியது முதல் அவர்களுடைய முதன்மையான வழி மன்னார் வழியே ஆகும். பாம்பன், தேவிபட்டினம், தொண்டி முதலிய துறைகளிலிருந்து தோணி ஏறினர். காற்று இசைந்தால் பிரயாணம் குறுகியது, இசையாவிட்டால் நீண்டது. தலைமன்னாரிலும் மன்னாரிலும் இறங்கியோர் பலர். வங்காலை, அரிப்பு முதலிய பெருநிலக் கரைகளில் இறங்கியோரும் உளர்.

மன்னார்த் தீவைக் கண்டோர் அதன் நிலத்தை அறிவர். மணலும் உடைமரமும் பனையும் நிறைந்த தாழ்ந்த நிலம். அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்று சொல்லப்படும் பெருக்கமரங்கள் யானைக்கால் போன்ற அடியுடன் இன்றும் அங்கே நிற்கின்றன. போர்த்துக்கேயர் 1560இல் அமைத்து, பின்னர் ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டை கடலோரத்தில் இருக்கிறது. தோணியிலிருந்து இறங்கியவர்களுக்கு இவற்றையெல்லாம் நின்று பார்க்க நேரமிருந்திராது. அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடக்க வேண்டும். வழியில் பெரும்பகுதி வறண்ட காடு. கோடையிற் குளங்கள் வற்றும். கிடைத்த நீரைக் குடித்தோரை வாந்திபேதி வாரிக்கொண்டது. மாரியிற் குளிர்காய்ச்சல் பிடித்தது. நடக்க முடியாதவர்கள் வழியோரத்திலேயே விடப்பட்டனர். 1841 முதல் 1848 வரையுள்ள காலத்தில் ஏறத்தாழ 70,000 பேர் இறந்தனர் என்று 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை எழுதியது. அக்கணக்கு மிகையானது என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் வாதிடுவர். பாதியே உண்மையென்று வைத்துக்கொண்டாலும் மனம் நடுங்குகிறது. காலப்போக்கில் அரசாங்கம் அவ்வழியில் இடையிடையே தங்குகொட்டகைகளையும் கிணறுகளையும் மருத்துவ நிலையங்களையும் அமைத்தது. ஆயினும் அது சாவு வழி என்ற பெயர் எளிதில் மாறவில்லை.

இவ்வளவு கடிய பிரயாணத்துக்கும் செலவு உண்டு. ஊரை விட்டுப் புறப்படும்முன் அங்குள்ள சிறு கடன்களைத் தீர்க்க வேண்டும். குடும்பத்தாரிடம் சில ரூபா கொடுத்துவிட்டு வர வேண்டும். தோணிக்கூலி உண்டு. வழிநெடுகச் சோறு வேண்டும். மலைக்குளிருக்குக் கம்பளி வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்தவர் கங்காணி. கங்காணிக்குக் கொடுத்தது தோட்டம். தென்னிந்தியாவைத் தோட்டத்துரைமார் ‘கரை’ என்றே வழங்கினராதலின், இம்முன்பணத்துக்குக் கரை முன்பணம் என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் வழங்கியது. தோட்டத்தின் ஏட்டில் அது பெரிய கங்காணியின் பேரில் எழுதப்பட்டது. பெரிய கங்காணி அதனைச் சில்லறைக் கங்காணிகளின் பேரில் எழுதினார். அவர்கள் தத்தம் ஆட்களின் பேரில் எழுதினர். மேலிருந்து கீழே இறங்க இறங்கத் தொகை சிறிது சிறிதாய்ப் பருத்தது. ஏட்டைப் படித்துச் சரிபார்க்கும் எழுத்தறிவு அடியில் இருந்தவரிடம் இல்லை. ஆகவே மலையேறிய முதல் நாளிலேயே அவர் கடனாளி.

இந்தக் கடனிலிருந்தே ‘துண்டு’ பிறந்தது. அது நம் தமிழ்ச் சொல்லே. துண்டுக் காகிதம் என்ற பொருளில் தோட்டங்களில் வழங்கிய அச்சொல்லை ஆங்கிலேயர் தம் கடிதங்களிலும், ஆணைக்குழு அறிக்கைகளிலும், சட்டத்திலும் மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதினர். ஒரு தோட்டத்துரை கையெழுத்திட்டுக் கொடுக்கும் சீட்டு அது. இன்ன கங்காணியும் அவருடைய இத்தனை ஆட்களும் இன்ன தொகை கடன்பட்டிருக்கிறார்கள். அத்தொகையைச் செலுத்தும் துரை எவராயினும் அவருக்கு அவர்களை விட்டுக்கொடுக்கச் சித்தமாயிருக்கிறோம் என்பதே அதன் சாரம். துண்டு இல்லாத ஆளைப் பிற தோட்டங்கள் சேர்ப்பதில்லை என்பது துரைமாருக்குள் இருந்த கட்டுப்பாடு. சட்டப்படி பார்த்தால், தொழிலாளி மாதத்துக்கு மாதம் அமர்த்தப்பட்டவர். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எவரும் போகலாம். துண்டின்றிப் போய் நிற்பதற்குத்தான் இடமில்லை. அறிவிப்பின்றி ஓடினாலோ, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனை விதித்தது. கடனைக் காரணமாகக் காட்டி ஆளைக் கட்டிவைக்க இதைவிட நுட்பமான கயிறு வேறு வேண்டுவதில்லை.

தேர்ந்தெடுக்கும் கலை இங்கேதான் தொடங்குகிறது. பெரிய கங்காணி ஒருவரின் கீழ் 60 பேர் இருக்கிறார்கள் என்றும், அவர்களுடைய கடன் 1,800 ரூபா என்றும் வைத்துக்கொள்ளலாம். தலைக்கு 30 ரூபா. கங்காணி துண்டு வாங்கிக்கொண்டு அக்கம் பக்கத்துத் தோட்டங்களில் ஏறி இறங்குகிறார். ஒரு துரை 2,000 ரூபா தருவதாகச் சொல்கிறார். மற்றொருவர் 2,200 என்கிறார். தேயிலை கொழுந்துவிட்டுப் பறிக்க ஆளின்றித் தவிக்கும் மூன்றாமவர் 2,400 ரூபா தர இசைகிறார். கங்காணி மூன்றாமவரைத் தேர்ந்தெடுக்கிறார். பழைய தோட்டத்துக்கு 1,800 ரூபா போகிறது. எஞ்சிய 600 ரூபா கங்காணியின் கையில் நிற்கிறது. அதன் ஒரு சிறு பங்கு ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தாலும் சேரும், சேராமலும் போகும். ஆனால் புதிய தோட்டத்தின் ஏட்டில் அந்த 60 பேரின் கடன் இப்போது 2,400 ரூபா. நேற்று 30 ரூபாக் கடனுடன் படுத்தவர் இன்று 40 ரூபாக் கடனுடன் வேறொரு லயத்தில் விழிக்கிறார். இடையில் அவர் வாங்கியது ஒன்றுமில்லை, நடந்தது மட்டுந்தான்.

வெகுமதிகள் இதனோடு முடியவில்லை. வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் இவ்வளவு சதம் என்று பெரிய கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. சில்லறைக் கங்காணிகளுக்குப் பென்ஸ் காசு உண்டு. ஆட்கள் மிகுந்தால் காசும் மிகும். எனவே அடுத்த தோட்டத்து ஆட்களை ஆசைகாட்டி இழுப்பதும், அதைத் தடுக்க மேலும் முன்பணம் கொடுப்பதும் துரைமாருக்குள் ஓயாத பூசலாயின. இக்காலக் கடனட்டைகளின் வெகுமதிப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், கடைக்காரர் செலுத்தும் கழிவிலிருந்தும், தவணை தவறியோர் கட்டும் வட்டியிலிருந்தும் வருகின்றன என்று விடை கிடைக்கும். கங்காணியின் வெகுமதி எங்கிருந்து வந்தது என்பதற்கும் அன்று விடை இருந்தது. ஆண் தொழிலாளியின் நாட்கூலி நெடுங்காலம் 33 சதம் அளவில் நின்றது. அதில் அரிசிக்குக் கழித்தனர், கடனுக்குக் கழித்தனர். மாதந்தோறும் கூலியைக் கணக்கிட்டு 60 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 1889இல் ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது என்றால், அதற்குமுன் எவ்வளவு காலம் தாழ்த்தினர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கூலி தாமதமானால் கடைப்பற்று ஏறும். பற்று ஏறினால் கடன் தடிக்கும். போதாக்குறைக்கு, இறந்தவர்களின் கடனும் ஓடிப்போனவர்களின் கடனும் குழுவில் எஞ்சியிருந்தோர் தலையிலே பகிர்ந்து சுமத்தப்பட்டதும் உண்டு.

கங்காணி கொடியவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதலும் நேர்மையன்று. அவரும் பெரும்பாலும் அதே ஊரவர், பலருக்கு உறவினர். நோய் கண்டால் கஷாயம் வைத்துக் கொடுத்தவரும், கல்யாணத்துக்கு முன்னின்றவரும் அவரே. துரைக்கு எதிராகக் குழுவின் பொருட்டு வாய்திறந்து பேசக்கூடியவரும் அவரே. ஆயினும் கடனேட்டைத் தம் கையில் வைத்திருப்பவரிடம் உறவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அந்நாளைய மலைநாட்டு மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிற் பிளேக் நோய் பரவியது. அந்த அச்சத்தால் மன்னார் வழி தொழிலாளருக்கு மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொழும்பில் இறங்குவதே வழியாயிற்று. தூத்துக்குடிக்கு அண்மையில் தட்டப்பாறையில் ஒரு முகாமும், கொழும்புக்கு வடக்கே றாகமையில் மற்றொரு முகாமும் நோய் காப்புக்காக ஏற்பட்டன. நடைப்பாதையின் துன்பம் நீங்கிற்று. ஆனால் கப்பற் கூலியும் ரெயிற் கூலியும் புதிய செலவாய் வந்தன. இச்செலவைக் கங்காணியின் கையிற் பணமாகக் கொடுத்தால் அது வழியிற் கரைந்துபோகிறது என்று தோட்டத்துரைமார் முறையிட்டனர். திரட்டிக் கொண்டுவந்த ஆட்களை வழியிலேயே மற்றொரு கங்காணி கலைத்துக்கொண்டு போய்விடுகிறார் என்பதும் அவர்கள் குறை. இவ்விரண்டுக்கும் மாற்றாக 1901ஆம் ஆண்டளவில் ஏற்பட்டதே தகரவில்லை முறை. ஆங்கிலத்தில் அதனை டின் டிக்கட் என்றனர்.

அது ஒரு சிறிய தகட்டு வில்லை. தோட்டத்துக்குரிய இலக்கமும் ஆளுக்குரிய இலக்கமும் அதில் அச்சடிக்கப்பட்டிருந்தன. பதிவு செய்துகொண்ட தோட்டம் அரசாங்கத்திடமிருந்து வில்லைகளைப் பெற்று, ஊருக்குப் போகும் கங்காணியிடம் கொடுத்தனுப்பும். அவர் திரட்டிய ஆட்களுக்கு அவற்றைக் கொடுப்பார். வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொண்டு முகாமுக்கு வந்து சேர்ந்தால், அதன்பிறகு காசு கேட்பார் இல்லை. முகாமில் உணவு, கப்பல், புகையிரதம் என்று தோட்டத்துக்கு அண்மையிலுள்ள நிலையம் வரை எல்லாம் அந்த இலக்கத்தின் பேரில் நடந்தன. செலவை அரசாங்கம் முதலிற் செய்து, பின்னர் தோட்டத்திடமிருந்து வசூலித்துக்கொண்டது. தோட்டம் கங்காணியின் கணக்கில் எழுதிற்று. கங்காணி யாருடைய கணக்கில் எழுதினார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குவோர் வியப்படையாமல் இருத்தல் அரிது. அமெரிக்காவில் விமானக் கம்பெனிகள் 1936இல் ஒரு பிரயாண அட்டையை வெளியிட்டன. காசு கொடாமல் விமானம் ஏறலாம்; கணக்குப் பின்னர் வரும். அதன் இலக்கத்தில் ஒரு பகுதி அட்டையை வழங்கிய கம்பெனியையும், மற்றொரு பகுதி வாடிக்கையாளரையும் குறித்தது. இன்றைய கடனட்டை இலக்கங்களும் இந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன. நியூயோர்க் நகரத்து உணவு விடுதிகளில் வழங்கிய டைனர்ஸ் கிளப் அட்டை 1950இல் வந்தது. வழங்கியவருக்கு ஓர் இலக்கம், பிரயாணிக்கு ஓர் இலக்கம் என்ற அதே ஒழுங்கு, இவற்றுக்கெல்லாம் ஒரு தலைமுறைக்கு முன்னரே, படிப்பறியாத ஓர் உழவனின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பிரயாணி தன் அட்டையைத் தானே விரும்பிக் கேட்டுப் பெற்றான். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்தான். இங்கே வில்லைதான் ஆளைப் பெற்றது. இன்ன தோட்டத்துக்குரிய பண்டம் என்று மூட்டையில் இடும் குறிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தோட்டக்காரர் சங்கத்தினர் 1904இல் திருச்சிராப்பள்ளியில் தொழில் ஆணையகம் ஒன்றைத் திறந்து, ஆள்திரட்டும் பணிக்கு உதவிய பின்னர் இம்முறை மேலும் வேரூன்றியது.

மன்னார் வழி மறுபடியும் திறந்தது 1914இல். அவ்வாண்டு பெப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச் முதல் நாள் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை இருப்புப்பாதையும் வந்துவிட்டது. சென்னையிற் சீட்டு வாங்கி, இடையில் ஏறத்தாழ 22 மைல் கடலையும் தாண்டிக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம் என்பது அந்நாளில் ஒரு பெரிய புதுமை. ‘போட் மெயில்’ என்று இரு கரையிலும் புகழ்பெற்றது அந்த வண்டி. உத்தியோகத்தரும் வியாபாரிகளும் கதிர்காமத்துக்கும் இராமேசுவரத்துக்கும் செல்லும் யாத்திரிகரும் அதில் ஏறி இறங்கினர்.

தொழிலாளிக்கு மட்டும் வழியில் ஒரு தங்கல். தட்டப்பாறையின் இடத்தைப் பின்னர் மண்டபம் முகாம் பிடித்தது. இந்திய மண்ணில் இருந்தும் இலங்கை அரசாங்கத்தின் நிருவாகத்தில் நடந்த முகாம் அது. சுமார் ஆறு நாட்கள் அங்கே நிறுத்திவைத்து, அம்மை குத்தி, உடைகளைப் புகையூட்டி, நோயில்லை என்று கண்டபின் அனுப்பினர். தலைமன்னார்த் துறையில் ஒரே கப்பலிலிருந்து இருவகைப் பிரயாணிகள் இறங்கினர். ஒருவர் தம் சட்டைப்பையிற் சீட்டு வைத்திருந்தார். மற்றவர் தம் கழுத்தில் இலக்கம் அணிந்திருந்தார்.

இம்முறையைப் பற்றிய முணுமுணுப்பு முதலில் எழுந்தது தொழிலாளரிடமிருந்தன்று, தோட்டத்துரைமாரிடமிருந்தே. ஏறிக்கொண்டே போகும் முன்பணத்தைத் தாங்க முடியவில்லை என்பது அவர்கள் கவலை. 1908இல் அறிக்கை வெளியிட்ட தொழில் ஆணைக்குழு இதனை ஆராய்ந்தது. துண்டு முறையின் கேட்டை எல்லாரும் ஒப்புக்கொண்டனர். அதைக் கைவிடுவதில் முந்திக்கொள்ளத்தான் ஒருவரும் துணியவில்லை. அயலவன் துண்டு கொடுக்கும்போது தான் கொடுக்க மறுத்தால் ஆள் கிடையாதே என்ற அச்சம் அது. 1917இல் மார்ஜொரிபாங்ஸ் என்ற ஆங்கில அதிகாரியும் அகமது தம்பி மரைக்காயரும் சென்னை அரசாங்கத்தின் பொருட்டு இலங்கையிலும் மலாயாவிலும் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை செய்தனர். இலங்கைத் தோட்டங்களின் கடன் சுமை அவ்வறிக்கையின் கண்ணிற் படாமற் போகவில்லை.

இலங்கையிலே இதற்காக உரத்துக் குரல் கொடுத்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். தேசிய காங்கிரசின் முதற்றலைவர் என்றே பெரும்பாலோர் அவரை நினைவு கூருகின்றனர். அதே 1919ஆம் ஆண்டில் அவர் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் தொடங்கினார் என்பது அத்துணை பரவலாக நினைக்கப்படுவதில்லை. அச்சங்கத்தின் செயலாளராய் இருந்தவர் பெரி. சுந்தரம். துண்டு முறையையும், வேலையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்கிய தண்டச் சட்டங்களையும் ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் வாதாடினர். 1921இல் துண்டு சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. தண்டப் பிரிவுகளும் அதையொட்டி நீங்கின. ஒரு காகிதத் துண்டை ஒழிக்கச் சட்டசபை கூட வேண்டியிருந்தது. அதன் வலிமைக்கு இதற்கு மேலும் சான்று வேண்டுமா?

பிரயாணச் செலவு யாருடையது என்ற கேள்விக்கு விடை வர மேலும் இரண்டாண்டு சென்றது. இந்திய அரசாங்கம் 1922ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டத்தால் வெளிநாடு செல்லும் தொழிலாளர் பிரயாணத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்கு இசைய இலங்கையில் 1923ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம் எழுந்தது. தோட்டங்கள் எல்லாவற்றிடமிருந்தும் வரி போன்று பணம் திரட்டிப் பொது நிதி ஒன்று அமைக்கப்பட்டது. ஆள்திரட்டும் செலவும், முகாமில் உணவும், கப்பலும், புகையிரதமும் அந்நிதியின் பொறுப்பு. அதனைத் தொழிலாளியின் கடனாக எழுதலாகாது. வந்தவர் ஓராண்டுக்குள் நோயுற்றாலோ, வேலை அவருக்கு ஒவ்வாததாயினோ, அநீதியாய் நடத்தப்பட்டாலோ அவரைச் செலவின்றித் திருப்பியனுப்பவும் விதி செய்யப்பட்டது. கங்காணி உரிமச்சீட்டுப் பெற்றே ஆள்திரட்ட வேண்டும். இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் கண்டியில் வந்து அமர்ந்தார். ஏறக்குறைய 90 ஆண்டுகளாய் அவ்வழியில் வந்தவர்களுள், பிரயாணச் சலுகை என்று உண்மையாகச் சொல்லத்தக்க ஒன்றை முதன்முதலிற் பெற்றவர்கள் 1923க்குப் பிறகு தலைமன்னாரில் இறங்கியவர்களே. தோட்டத்தில் கடைப்பற்றும் கல்யாணக் கடனும் அதன் பின்னரும் இருந்தன. ஆனால் கடலைத் தாண்டியதற்கே கடன் என்ற நிலை போயிற்று.

அச்சலுகையை அனுபவித்த காலம் நெடியதன்று. 1939 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதை இந்தியா தடைசெய்தது. 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் இசைந்தன.

ஒப்பந்தத்தின் மை உலரும்முன் கடல் தன் பங்குக்கு ஒன்று செய்தது. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரெயில் வண்டி பிரயாணிகளுடன் அலைவாய்ப்பட்டது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிற்று. ‘இராமானுஜம்’ என்ற அந்தக் கப்பலிலேயே 1980களின் முற்பகுதி வரை மலைநாட்டுக் குடும்பங்கள் திரும்பிச் சென்றன. வந்த தலைமுறை திரும்பவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், காணாத ஊருக்குத் திரும்பினர்.

அவர்கள் கையிலும் ஓர் அட்டை இருந்தது. குடும்ப அட்டை என்பது அதன் பெயர். கண்டியிலிருந்த இந்தியத் தூதரகப் பிரிவு அதனை வழங்கியது. இந்தியாவிற் கிடைக்கவேண்டிய மறுவாழ்வு உதவிக்கு அதுவே ஆதாரம். சேமலாப நிதியும் பணிக்கொடையும் பெற்று, லயத்தின் கதவைச் சாத்தி, பெட்டி படுக்கையுடன் தலைமன்னார்த் துறைக்கு வந்தவர்கள் அந்த அட்டையைச் சுங்கத்திலும் கப்பலிலும் காட்டிக் கடல் கடந்தனர். மறுகரையில் அவர்களை இறக்கிவைத்த இடம், தாத்தாவும் பாட்டியும் அம்மை குத்திக்கொண்டு ஆறு நாள் காத்திருந்த அதே மண்டபம் முகாம்.